பழைய வேட்டி எதற்கு?

குரங்கணி மேல்தோட்டம்
11.8.2024

அன்பு மகள் முத்துப்பிரியாவுக்கு,

அப்பா சுருளிவேல் எழுதுவது. இங்கே மழையும் நானும் நலம். இரண்டில் மழை கொஞ்சம் கூடுதல் நலம். போடியில் நீ, மாப்பிள்ளை ராம்பிரசாத், சம்மந்தியம்மா இருளம்மாள் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்?

எட்டாம் வகுப்பை மூன்று தடவை படித்தவன் நான். கணக்குப் பார்த்தால் பத்தாவது படித்தவனுக்குச் சமம். பிழை இருந்தால் வாத்தியாரைத் திட்டு. போனில் பேசலாம்தான். ஆனால் இந்த மலையில் சிக்னல் கிடைப்பது வழுக்குப்பாறை ஒன்றில் மட்டும். அங்கே நின்று கத்தினால் உனக்குக் கேட்கிறதோ இல்லையோ, கீழே காய் பறிக்கிற பெண்கள் அத்தனை பேருக்கும் கேட்கிறது. அதனால் சின்ராசு ஜீப்பில் ஏலக்காய் மூட்டையோடு கடிதமும் இறங்கட்டும். அவன் ஜீப்பில் முதல் மரியாதை மூட்டைக்கு, இரண்டாவது கடிதத்துக்கு. நான் ஏறினால் எனக்கு மூன்றாவது.

ஆடி அமாவாசைக்கு உன் அம்மாவுக்குப் படைக்க மேலே வந்தாயே, அன்றிலிருந்து ஒன்று உறுத்துகிறது. நான் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் சூடு கூடிப்போனால் காய் பச்சை போய் வெளுத்துவிடும். உன் முகத்தில் அந்த வெளுப்பு. “என்னாத்தா இப்பிடி வெளுத்துப்போயிட்ட?” என்று கேட்டேன். “ஏலக்காக் கிட்டங்கிக்குள்ளயே ஒக்காந்து காய் பொறுக்குறேன்ல, வெயிலு படல” என்றாய். பாதை ஏறும்போது அடிக்கடி உட்கார்ந்தாய். கேட்டால், “அப்பாவுக்கு மூச்சு வாங்குது, பாவம்” என்றாய். எனக்கு மூச்சு வாங்கவில்லை ஆத்தா. நீ சொன்னாயே என்பதற்காக நானும் கொஞ்சம் வாங்கிக் காட்டினேன்.

உடம்புக்கு என்ன என்று எழுது. நான் சமைத்து நானே சாப்பிட்டும் உயிரோடு இருக்கிறேன். அதைவிட ஆரோக்கியத்துக்கு வேறு சாட்சி வேண்டாம்.

உன் அப்பா
சுருளிவேல்

*

போடி
25.8.2024

அப்பாவுக்கு,

முத்து எழுதுகிறேன். நான் நலம். அத்தை நலம். அவர் லாரியில் குஜராத்துக்கு லோடு ஏற்றிப் போயிருக்கிறார்.

உடம்புக்கு ஒன்றும் இல்லை. சீசன் தொடங்கிவிட்டதால் கிட்டங்கியில் வேலை கூடுதல், அந்த அசதிதான்.

ஒரு உதவி. உங்களிடம் பழைய வேட்டிகள் இருந்தால் சின்ராசு அண்ணனிடம் கொடுத்து அனுப்புங்கள். துவைத்துத் துவைத்து மெலிந்தது, பருத்தி, நைந்திருந்தாலும் பரவாயில்லை. பையைக் கட்டி என் கையில் மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள்.

எதற்கென்று கேட்காதீர்கள்.

மழையில் நனையாதீர்கள். புகைக்குப் பக்கத்தில் நெடுநேரம் நிற்காதீர்கள்.

முத்து

*

குரங்கணி மேல்தோட்டம்
1.9.2024

என் தங்க மகளுக்கு,

கேட்கமாட்டேன். சத்தியமாகக் கேட்கமாட்டேன். கல்யாணமான பெண் அப்பனிடம் மெலிந்த பருத்தி வேட்டி கேட்டால் எதற்கு என்று தெரியாதவன் இந்தத் தேனி ஜில்லாவிலேயே இருக்கமாட்டான். பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது, பழசில்தான் சுற்ற வேண்டும், தொட்டிலும் பழைய துணியில்தான் கட்ட வேண்டும் என்று உன் அம்மா மொக்கம்மாள் எனக்குப் பாடம் எடுத்திருக்கிறாள். மூன்றாம் மாதம் முடியும்வரை வாயைத் திறக்கக்கூடாது என்பதும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

மருதாயியிடம் மட்டும் சொன்னேன். காய் பறிக்கிற பெண்களுக்குக் கங்காணி அவள்தானே, பெரியவள் ஒருத்திக்காவது தெரிய வேண்டாமா? அவள் யாரிடமும் சொல்லவில்லை என்றுதான் சொல்கிறாள். சாயந்தரம் சின்ராசு வந்து, “என்ன மாமா, தாத்தாவாகப் போறீகளாம்ல?” என்று எனக்கே அந்தச் சேதியைக் கொண்டுவந்தான்.

நாலு வேட்டி அனுப்புகிறேன். மூன்று, உடுத்தி உடுத்தி வலையாகப் போனவை. நாலாவதைத் தனியாகத் துணிப்பையில் கட்டியிருக்கிறேன். அது என் கல்யாண வேட்டி. நீ பிறந்த அன்று நர்சம்மா துணி கேட்டபோது உன் அம்மா அதைத்தான் பாதியாகக் கிழித்துக் கொடுத்தாள். இந்தப் பாதியில்தான் உன்னைச் சுற்றி என் கையில் வைத்தார்கள். தூக்கத் தெரியாமல் ஏலக்காய்க் கூடை மாதிரி இடுப்பில் அணைத்தேன் என்று அவள் சாகும்வரை சிரித்தாள்.

மலைத்தேனும் நெல்லிக்காயும் வைத்திருக்கிறேன். பஸ்சில் பின்சீட்டில் உட்காராதே.

கேட்காத அப்பா
சுருளிவேல்

*

குரங்கணி மேல்தோட்டம்
22.9.2024

மகள் முத்துவுக்கு,

மழை விடவில்லை, உன் கடிதமும் வரவில்லை. சின்ராசு பையை உன் கையில்தான் கொடுத்ததாகச் சொல்கிறான். “பாப்பா வாங்கிட்டுச் செவுத்தப் புடிச்சுக்கிட்டே உள்ள போயிருச்சு மாமா” என்றான். முதல் மாதங்களில் தலைசுற்றும் என்று மருதாயி சொல்கிறாள். சுற்றட்டும், ஆனால் விழுந்துவிடாதே.

போன ஞாயிற்றுக்கிழமை பாறை ஏறிப் போன் போட்டேன். சம்மந்தியம்மா எடுத்தார்.

“மருமக எங்க தாயி?”

“படுத்துக் கெடக்கா. எந்திரிக்க முடியலையாம்.”

“சாப்புட்டாளா?”

“ஆக்கி வச்சா சாப்புடத் தெரியாதா? நான் என்ன ஊட்டியா விடணும்?”

மாமியார் கோபமும் மருமகள் மயக்கமும் சேர்ந்து வந்தால் நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன். பாறையிலிருந்து இறங்கும்போது வழுக்கி உட்கார்ந்தபடியே கொஞ்ச தூரம் வந்தேன். நடப்பதைவிட வேகம்.

பலாக்கட்டை ஒன்று கிடைத்தது. தொட்டில் கம்பு சீவிக்கொண்டிருக்கிறேன். துணித்தொட்டிலில் பிள்ளைக்கு மூச்சு முட்டாமல் குறுக்கே வைப்பார்களே, அது. கொஞ்சம் கோணல். செய்தவனைப் போலவே.

ஒரு வரி எழுது ஆத்தா. ஒரே ஒரு வரி.

அப்பா

*

போடி
6.10.2024

அப்பாவுக்கு,

நான் நலம். எழுத நேரமில்லை, மன்னியுங்கள்.

கம்பு சீவ வேண்டாம். ஈரத்தில் கை வழுக்கிக் கத்தி பட்டுவிடும்.

வேட்டிகள் மிகவும் உதவியாக இருக்கின்றன. இன்னும் இருந்தால் அனுப்புங்கள். நீங்கள் தனியாகக் கட்டிய அந்த ஒன்றை மட்டும் நான் தொடவில்லை. பெட்டியில் இருக்கிறது.

தேன் தீர்ந்துவிட்டது. அத்தைக்குப் பிடித்திருந்தது.

முத்து

*

குரங்கணி மேல்தோட்டம்
13.10.2024

முத்துவுக்கு,

நலமா ஆத்தா? இன்னும் இரண்டு வேட்டி வருகிறது. இத்துடன் என் பழைய வேட்டிப் பரம்பரை முடிந்தது. இப்போது உடுத்தியிருப்பது புதுசு. அட்டைப்பெட்டிக்குள் நிற்கிற மாதிரி இருக்கிறது. நடந்தால் சரசரவென்று சத்தம் வருகிறது, காட்டுமாடு கூட ஒதுங்கிப் போகிறது.

இன்னும் பிறக்காத பிள்ளைக்கு அதற்குள் மூன்று வேட்டி தீர்ந்துவிட்டதா என்று மருதாயி கேட்கிறாள். இரட்டைப் பிள்ளையாக இருக்கும் என்று நான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனாள். ஏன் என்று தெரியவில்லை.

அப்பா

*

போடி
27.10.2024

அப்பாவுக்கு,

இதை முன்பே இரண்டு தடவை எழுதி அடுப்பில் போட்டுவிட்டேன். இதையாவது அனுப்ப வேண்டும்.

வேட்டி தொட்டிலுக்கு இல்லை. எனக்கு.

நான் உண்டாகியிருக்கவில்லை. மூன்று வருஷமாக எனக்கு மாதவிடாய் வந்தால் லேசில் நிற்பதில்லை. ஒரு வாரத்துக்கு மேல் போகும். கட்டி கட்டியாகப் போகும். கடையில் வாங்குகிற பேடு ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. அதன்மேல் உங்கள் வேட்டியைக் கிழித்து மடித்து வைத்தால்தான் கிட்டங்கியில் உட்கார முடியும். அங்கே நான் சுவர் ஓரம் கடைசியில்தான் உட்காருவேன். எழுந்தால் பின்னால் யாரும் இருக்கக்கூடாது. அந்த நாட்களில் கருப்புச் சேலைதான். இதற்கென்றே இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

போன வாரம் முறத்தோடு எழுந்தேன். அடுத்து நினைவு வந்தபோது பக்கத்தில் காய் பொறுக்கும் அனுசியாவின் மடியில் கிடந்தேன். காயெல்லாம் சிதறிக் கிடந்தது. நான் உட்கார்ந்திருந்த சாக்கு நனைந்திருந்தது. எல்லோரும் பார்த்தார்கள். அனுசியா அந்தச் சாக்கைச் சுருட்டித் தன் பைக்குள் வைத்துக்கொண்டு, “என்ன பாக்குறீக? உங்களுக்கெல்லாம் வாரதில்லையா?” என்று சத்தம் போட்டாள்.

அவள்தான் ஆட்டோ பிடித்து ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ரத்தம் பாதிக்குப் பாதிதான் இருக்கிறதாம். அங்கிருந்த டாக்டர் தலை நிமிராமலே, “கர்ப்பப்பையை எடுத்துட்டா பிரச்சினை முடிஞ்சது” என்று சொல்லி நாள் குறித்துக் கொடுத்தார். எனக்கு முப்பது வயது நிறையவில்லை. அத்தை, “பெறாத வயித்துல இருக்கறதையும் எடுத்துட்டு வந்தா இந்த வீட்டுல ஒனக்கு என்ன சோலி?” என்கிறார். உங்கள் மாப்பிள்ளையிடம் போனில் சொன்னேன். நீயும் அம்மாவும் பேசி முடிவு பண்ணுங்கள் என்றார். லாரிச் சத்தத்தில் அதற்குமேல் கேட்கவில்லை.

உங்களுக்கு அந்த முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்கலாம். அப்புறம் நீங்கள் அவ்வளவு சந்தோஷமாக எழுதிவிட்டீர்கள். அம்மா இருந்திருந்தால் இதை உங்களுக்கு எழுதுகிற அவசியமே வந்திருக்காது. வேறு யாரும் இல்லை அப்பா.

படித்ததும் கிழித்துவிடுங்கள்.

முத்து

*

குரங்கணி மேல்தோட்டம்
10.11.2024

அன்பு மகளுக்கு,

கிழிக்கவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

உன் கடிதம் தீபாவளிக்கு முன்பே வந்துவிட்டது. பதில் எழுத உட்கார்ந்தால் ‘அன்பு மகளுக்கு’ என்பதுவரை பேனா ஓடும், அப்புறம் நிற்கும். எட்டாவதில் மூன்று வருஷமும் இதற்கு ஒரு வார்த்தை சொல்லித் தரவில்லை. உன் அம்மா அந்த நாட்களில் ‘ஒதுங்கி இருக்கேன்’ என்பாள். எனக்குத் தெரிந்த சொல் அது ஒன்றுதான். அதைவைத்து உனக்கு என்ன பதில் எழுதுவது? நான் தாமதித்த ஒவ்வொரு நாளும் நீ அங்கே என்ன நினைத்திருப்பாய் என்பது எனக்குப் புரியாமல் இல்லை.

அடுப்புக்கு விறகு தள்ளிவிட்டு யோசித்துக்கொண்டே உட்கார்ந்ததில் ஒரு அறைக் காய் கருகிவிட்டது. மருதாயி வந்து பார்த்தாள்.

“என்னய்யா, மொகமும் காயும் ஒரே நெறத்துல இருக்கு?”

“ஒண்ணுமில்ல. மகளுக்குக் கொழந்த இல்லையாம்.”

“கலைஞ்சிருச்சா?”

“இல்ல. மொதல்லயே இல்ல.”

“அப்ப வேட்டி?”

நான் தரையைப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

“அடப்பாவி மனுசா! அத்தன வேட்டியும் அதுக்கா? அம்புட்டுப் போகுதுன்னா அந்தப் புள்ள எந்திரிச்சு நடமாடுறதே பெருசு. நீ இங்க ஒக்காந்து கம்பு சீவிக்கிட்டு இருக்க!”

“கர்ப்பப்பைய எடுக்கணுமாம்.”

“ஒருத்தர் சொன்னா ஆச்சா? மாடு வாங்கவே நாலு பேருட்ட வெசாரிக்கிறோம். தேனியில பெரியாஸ்பத்திரி இருக்கு, பொம்பள டாக்டரு இருக்காக. வெரசா கூட்டிட்டுப் போவியா, கரிஞ்ச காயப் பொறுக்குவியா?”

அதனால் புதன்கிழமை இறங்கி வருகிறேன். லீவு கேட்டுவிட்டேன். எதற்கு என்று தோட்டக் கணக்கு எழுதுகிற ரைட்டர் கேட்டார். மகளுக்கு உடம்பு சரியில்லை என்றேன். என்ன உடம்பு என்றார். ‘ரத்தப்போக்கு’ என்று சொன்னேன். சொல்லிப் பார்த்தேன், நாக்கு அறுந்து விழவில்லை.

இரண்டு விஷயம். பெட்டியில் வைத்திருக்கிறாயே, அந்த வேட்டி, அதையும் கிழி. அது பேரனுக்கென்று வைத்ததில்லை. நீ பிறந்தபோது உன்னைச் சுற்றிய துணி. அதற்கு உடைமைக்காரி நீதான்.

இன்னொன்று, இனி எனக்கு ‘நான் நலம்’ என்று எழுதாதே. எத்தனை நாள் போனது, தலை சுற்றியதா, என்ன சாப்பிட்டாய், அதை எழுது. நலமா இல்லையா என்பதை நான் கூட்டிக் கழித்துக்கொள்கிறேன். கணக்கில் மட்டும் நான் பாஸ்.

அப்பா

*

போடி
1.12.2024

அப்பாவுக்கு,

நீங்கள் சொன்னபடியே எழுதுகிறேன். இந்தத் தடவை ஆறு நாள். கட்டி குறைவு. நேற்று மாடிப்படி ஏறினேன், நடுவில் உட்காரவில்லை.

ஆஸ்பத்திரியில் ஆண்கள் உள்ளே வரக்கூடாது என்று உங்களை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டார்கள். வெளியே வந்தபோது நீங்கள் அந்தச் சரசர வேட்டியோடு என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றீர்கள். யாராவது மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயமாம். போடி வரும்வரை பஸ்சில் நாம் கொய்யாப்பழத்தைப் பற்றி மட்டும்தான் பேசினோம். எனக்கும் வாய் வரவில்லை, உங்களுக்கும் வரவில்லை. அதனால் டாக்டரம்மா சொன்னதைக் கடிதத்தில் சொல்கிறேன்.

ஸ்கேனில் தெரிந்தது சின்ன நார்க்கட்டி. புற்றுநோய் மாதிரிப் பயப்படுகிற கட்டி இல்லை. ரத்தம் குறைந்திருப்பதுதான் உடனே பார்க்க வேண்டியது. அதற்குத்தான் அன்று இரும்புச்சத்தை நரம்பில் ஏற்றினார்கள், இன்னும் ஏற்ற வேண்டும். போக்கைக் குறைக்க, அந்த நாட்களில் மட்டும் போட ஒரு மாத்திரை. அதுதான் இந்த மாதம் கேட்டிருக்கிறது.

“கர்ப்பப்பைய எடுக்கணும்னு சொன்னாங்க” என்றேன். “அது கடைசிம்மா. அதுக்கு முன்னால எவ்வளவோ இருக்கு. யாரு உன்ன அவசரப்படுத்துனது?” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அடுத்த ஆளைக் கூப்பிடாமல் நான் முடிக்கும்வரை சும்மா இருந்தார்.

நீண்ட நாளைக்கு என்றால் இரண்டு வழி சொன்னார். ஒன்று, கட்டி வளர்ந்து தொந்தரவு கொடுத்தால் அதை மட்டும் ஆபரேஷன் பண்ணி எடுப்பது. இப்போதைக்கு அது வேண்டாமாம். இன்னொன்று, ஹார்மோன் மருந்து உள்ள, ‘காயில்’ என்கிற சின்னக் கருவி ஒன்றைக் கர்ப்பப்பைக்குள் வைப்பது. சில வருஷம் தாங்கும். போக்கு நன்றாகக் குறைந்துவிடும், சிலருக்கு நின்றேகூடப் போகும். முதல் சில மாதம் அவ்வப்போது கறை படும், அதற்குப் பயப்படக்கூடாது. அது உள்ளே இருக்கிறவரை பிள்ளை தங்காது. வேண்டும் என்கிறபோது எடுத்துவிடலாம்.

எனக்குக் காயில் வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. மூச்சு வாங்காமல் ஒரு வருஷமாவது இருந்து பார்க்க வேண்டும். அத்தை கூடவே கூடாது என்கிறார். உங்கள் மாப்பிள்ளை, உன் அப்பா என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? கம்பு சீவி முடித்துவிட்டீர்களா என்று நான் கேட்கவில்லை.

முத்து

*

குரங்கணி மேல்தோட்டம்
15.12.2024

மகள் முத்துவுக்கு,

ஆறு நாள், மாடிப்படி. படித்தேன். ‘நலம்’ என்று நீ எழுதிய கடிதங்களைவிட இது எவ்வளவோ நலமாக இருக்கிறது.

உன் கடிதம் வந்த மறுநாளே பாறை ஏறினேன். சம்மந்தியம்மாவிடம் பக்குவமாகப் பேச வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன்.

“முத்துக்கு வைத்தியம் பாக்குற விசயமாப் பேசணும் தாயி.”

“சத்தமாச் சொல்லுங்க, விட்டு விட்டுக் கேக்குது.”

“அந்த… மாசாமாசம் வாரது…”

“என்னது? ஒண்ணும் வெளங்கல!”

எனக்குப் பொறுமை போய்விட்டது. “முத்துக்குத் தீட்டு நிக்க மாட்டேங்குது! ஒடம்புல ரத்தமே இல்ல! அதுக்குக் காயில் வைக்கச் சொல்றாக டாக்டரு! வைக்கப்போறோம்!”

கீழே பறிக்கிற சத்தம் நின்றது. ஏலச்செடிகளுக்கு மேலே தலைகளாக முளைத்தன. எனக்கு அப்படியே பாறையோடு பாறையாகிவிடலாம் போலிருந்தது.

“ஆம்பள பேசுற பேச்சா இது? புள்ளைய வேணாம்னு தள்ளிப்போட்டா எங்க வம்சம் என்னாகுறது?”

“வம்சத்தச் சொமக்க மொதல்ல அவ உசுரோட இருக்கணும்ல தாயி!”

சிக்னல் போனதா, அவர் வைத்தாரா தெரியவில்லை. மாப்பிள்ளைக்கும் போட்டேன். ஏதோ சுங்கச்சாவடியில் நின்றுகொண்டிருந்தார். “நீங்க சொன்னாச் சரி மாமா” என்றார். “நான் சொல்லல மாப்ளே, முத்து சொல்லுது” என்றேன். “சரி மாமா” என்றார்.

மறுநாள் நான் யார் முகத்தையும் பார்க்காமல் ஸ்டோருக்குள்ளேயே இருந்தேன். மத்தியானம் காய் பறிக்கிற முத்துப்பேச்சி வந்து வாசலில் நின்றாள். பேசவே பேசாத பெண். “அண்ணே, அந்த டாக்டரம்மா எந்தக் கெழமை இருப்பாக?” என்றாள். அவள் போன பிறகு இன்னும் இரண்டு பேர் வந்து அதையே கேட்டார்கள். எல்லோரும் கருப்புச் சேலை வைத்திருக்கிறவர்கள் போல.

நீ கேட்டதற்குப் பதில். உனக்குச் சம்மதம் என்றால் வைத்துக்கொள். பிள்ளை வருகிறபோது வரட்டும், வராவிட்டால் போகட்டும். பேரன் முகத்தை நான் பார்த்ததில்லை, அதனால் அவனை எனக்குத் தேடாது. உன் முகத்தைத்தான் பார்த்திருக்கிறேன்.

கம்பு சீவி முடித்துவிட்டேன். நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அதைத் துணி காயப்போடக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். கோணலாக இருப்பதால் எல்லாத் துணியும் ஒரே பக்கம் போய்ச் சேர்ந்துகொள்கிறது.

அப்பா

*

போடி
23.2.2025

அப்பாவுக்கு,

நாள் கணக்கு இந்தத் தடவை சொல்ல முடியாது. ஜனவரியில் காயில் வைத்தார்கள். வைக்கும்போது வலித்தது, பொறுக்க முடிகிற வலி. அதன்பிறகு டாக்டரம்மா சொன்ன மாதிரியே இன்றைக்குக் கொஞ்சம், நாளைக்கு இல்லை, மறுநாள் ஒரு துளி என்று கறை படுகிறது. முதலில் பயந்தேன். போய்க் கேட்டதற்கு, போகப் போகச் சரியாகும் என்றார். ஒரு துளிக்குப் பயப்படுகிற அளவுக்கு நான் முன்னேறிவிட்டேன் என்று அனுசியா கேலி செய்கிறாள். ரத்தம் ஏறியிருக்கிறது. வெயிலில் பஸ் ஸ்டாண்டுவரை நடந்தேன்.

அத்தை பேசுவதில்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், பாத்திரம் வைக்கிற சத்தத்தில்தான் அவர் கோபம் தெரிகிறது. உங்கள் மாப்பிள்ளை ஒரு தடவை வந்து இரண்டு நாள் இருந்துவிட்டு லோடுக்குப் போனார். போகும்போது பேரீச்சம்பழம் வாங்கி வைத்திருந்தார். தின்றேன்.

கிட்டங்கியில் இப்போது நடுவில் உட்காருகிறேன். அங்கேதான் ஜன்னல் வெளிச்சம் நன்றாக விழுகிறது என்று இவ்வளவு நாள் எனக்குத் தெரியாது.

அந்த வேட்டியை நான் கிழிக்கவில்லை. நரம்பில் மருந்து ஏற்றும்போது எனக்குக் குளிர் எடுக்கும். அதைப் போர்த்திக்கொண்டு படுத்தேன். பக்கத்துப் படுக்கை அக்கா, “புருசன் வேட்டியா?” என்று கேட்டார். “இல்லக்கா, என் துணி” என்றேன். நன்றாகத் தூங்கினேன்.

இப்போது உங்கள் முறை. ‘மழையும் நானும் நலம்’ என்று எழுதக்கூடாது. சீசன் முடிந்து எல்லோரும் இறங்கிவிட்டார்கள் என்று சின்ராசு அண்ணன் சொன்னார். நீங்கள் பாதிச் சோற்றை மிச்சம் வைத்துவிடுகிறீர்களாம். என்ன செய்கிறது உங்களுக்கு?

முத்து

*

குரங்கணி மேல்தோட்டம்
9.3.2025

அன்பு ஆத்தாவுக்கு,

சின்ராசுக்கு ஜீப்பு ஓட்டுவதைவிட என் தட்டைப் பார்க்கிற வேலைதான் அதிகம் போல.

சரி, கணக்குச் சொல்கிறேன். காய்ச்சல் இல்லை. இருமல் கொஞ்சம், அடுப்பு அணைந்ததும் அதுவும் குறைந்துவிட்டது. மருதாயியும் பெண்களும் கீழே தேவாரம் ஊர்ப்பக்கம் போய்விட்டார்கள். ஸ்டோர் பூட்டியாகிவிட்டது. காவலுக்கு நான் மட்டும். சாயந்தரமானால் பால் இல்லாமல் கட்டன் சாயா போடுகிறேன். இரண்டு டம்ளரில் ஊற்றிவிடுகிறேன், சின்ராசு வந்தால் குடிப்பான் என்று. இந்த நேரத்தில் ஜீப்பு வராது என்பது எனக்கும் தெரியும், டம்ளருக்கும் தெரியும். ஆறிப்போனதையும் நானே குடித்துவிடுகிறேன். வேறு நோய் ஒன்றும் இல்லை ஆத்தா. பேச ஆள் இல்லை, அவ்வளவுதான். அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. நீ கேட்டாய், அதனால் சொன்னேன்.

ஒரு துளி, மறுநாள் இல்லை, ஜன்னல் வெளிச்சம். நீ எழுதியதை இங்கே சத்தமாகப் படித்தேன். ஒட்டுக்கேட்க ஆள் இல்லாத மலை, எப்படி வேண்டுமானாலும் படிக்கலாம்.

பங்குனிக்குள் ஒரு தடவை வா. மெதுவாக ஏறுவோம். உனக்கு மூச்சு வாங்கினால் உனக்குத்தான் என்று சொல், எனக்கு வாங்கினால் நானும் சொல்கிறேன்.

புது வேட்டி இரண்டையும் தினமும் துவைத்துக் கோணல் கம்பில் காயப்போடுகிறேன். அட்டைத்தனம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. அடுத்த மழைக்குள் மெலிந்துவிடும். உனக்கு வேண்டும்போது கேள், அனுப்புகிறேன்.

ஆனால் எதற்கு என்று கேட்பேன்.

அப்பா
சுருளிவேல்